வால்பாறை வழியாக ஒரு கால் பரிசோதனை

1997 ஜூலைக் கடைசியில் நானும் என் அண்ணனும் வால்பாறைக்குப் போய் வந்தோம். ஊர் சுற்றும் ஆசையில் போனதல்ல, ஒரு பேரத்தில் போனது. அண்ணன் பழனிசாமிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது, சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடம். கருமத்தம்பட்டியில் பன்னிரண்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். காந்திபுரத்தில் அவரைப் பார்க்கும் டாக்டரம்மா, வருடத்துக்கு ஒருமுறை கால்களைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. “வலியே இல்லாத காலை எதுக்கு அம்மணி காட்டறது?” என்று மூன்று வருடமும் என்னிடம் தட்டிக் கழித்தார். எங்கள் ஊரில் ஒருவர் கால் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒற்றைக் காலோடு திரும்பியிருந்தார். அண்ணனுக்கு அந்தப் பயம் என்பது எனக்குத் தெரியும். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தங்கையான நான் அப்போது கோவையில் ஒரு வங்கியில் குமாஸ்தா. நச்சரிப்பதில் எனக்கு நிகர் யாரும் கிடையாது. கடைசியில் அண்ணன் இறங்கி வந்தார். “சனி ஞாயிறு நீ எங்கூட வால்பாறைக்கு வா. திங்கக்கெழமை நான் உங்கூட டாக்டர்கிட்ட வாரேன்.” அவருடன் பள்ளியில் படித்த கோட்டைமேட்டு இப்ராகிம் அங்கே ஒரு எஸ்டேட் ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தார். பத்து வருடமாக வரச் சொல்லிக்கொண்டிருந்தவர். டாக்டரம்மாவிடம் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கிவிட்டுத்தான் நான் பையைக் கட்டினேன்.

வெள்ளி இரவே நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கருமத்தம்பட்டியில் பஸ் ஏறினோம். காந்திபுரம் இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் உக்கடம், உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி நாற்பது கிலோமீட்டர். பொள்ளாச்சியில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணி வால்பாறை வண்டியைப் பிடித்தோம். அறுபத்துநாலு கிலோமீட்டருக்கு டிக்கெட் அன்று பதினோரு ரூபாய். கட்டணம் இன்று உங்களுக்கு உதவாது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் எண்ணிக்கை மாறாமல் அப்படியே இருக்கின்றன. வயிறு புரளும் என்றால் முன்பக்கம் உட்காருங்கள். நான் பின்னால் உட்கார்ந்து அனுபவித்தேன்.

ஆழியாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அட்டகட்டியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். அண்ணன் இறங்கி டீக்கடைவரை நடந்துவிட்டார். பின்னாலேயே வந்த கண்டக்டர், “ஏனுங்க, ஒத்தச் செருப்போட எறங்கி வந்துட்டீங்க? இன்னொண்ணு சீட்டுக்கடியில கெடக்குதுங்க” என்று கொண்டுவந்து கொடுத்தார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தார். “பேச்சு சுவாரசியத்துல மறந்துபோட்டேனுங்க” என்றார். அதுவரை நாங்கள் எதுவும் பேசிக்கொண்டு வரவில்லை. இருந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு மணிக்கு வால்பாறை. இப்ராகிம் ஜீப்போடு காத்திருந்தார். எஸ்டேட் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், மண் பாதையில் அரை மணி நேரம். ஜூலையில் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்: தேயிலைக் காட்டில் கால் வைத்தால் அட்டை ஏறாமல் திரும்ப முடியாது. கொழுந்து பறிக்கும் பெண்கள் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசிக்கொள்கிறார்கள். இப்ராகிம் எங்களுக்குக் காலில் தேய்த்துக்கொள்ளத் துணியில் முடிந்த உப்பு கொடுத்தார். எனக்கு ஷூவும் இருந்தது. அண்ணனுக்கு ரப்பர் செருப்புதான். தறி ஓடும் இடத்தில் அதையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பவர் அவர். அது அவருக்குக் கோவில் மாதிரி.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் காட்டுக்குள் நடந்தோம். பத்து நிமிடத்தில் நான் குதிக்க ஆரம்பித்துவிட்டேன். அண்ணனின் இடது கால் இரண்டாம் விரலில் ஒரு அட்டை பெருத்துத் தொங்கியது. உப்பு மழையில் கரைந்துபோயிருந்தது. இப்ராகிம் தன் பீடியைப் பற்றவைத்து நீட்டினார். அண்ணன் ஒரு கல்லில் உட்கார்ந்து அதை வாங்கி அட்டைமேல் வைத்தார். அது சுருண்டு விழுந்தது. அவர் அப்படியே இப்ராகிம் பக்கம் திரும்பி நூல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பீடி விரலிலேயே இருந்தது.

பக்கத்து வரிசையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கன்னியம்மாள் என்ற தென்காசிப் பக்கத்துப் பெண்தான் முதலில் பார்த்தது. “ஐயா, காலு பொசுங்குதுய்யா” என்றார்.

அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் பீடியை எடுத்தார். “தெரியுது, தெரியுது. பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்.”

கன்னியம்மாள் அவரை நம்பியதாகத் தெரியவில்லை. நான் நம்பினேன். எங்கள் வீட்டில் வலியை வெளியே சொல்லாமல் இருப்பது ஒரு பெருமை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இப்ராகிம் வீட்டில் சுட்ட இடத்தில் பற்பசை தடவினார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். மதியம் இரண்டு மணி வண்டியில் கிளம்பி இரவு சாப்பாட்டுக்குக் கோவையில் என் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை பதினோரு மணி. டாக்டரம்மா முதலில் கையைக் கழுவிக்கொண்டு பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்த்தார். ரத்த ஓட்டம் பரவாயில்லை என்றார். இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றார். “தெரியுதுங்க.” பிறகு பேனா போன்ற பிடியில் கெட்டியான நைலான் இழை ஒன்றை எடுத்தார். அதை அண்ணனின் கையில் தொட்டு, இப்படித்தான் இருக்கும் என்று காட்டினார். பாதத்தில் பத்து இடம், கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வலி கிடையாது, மொத்தம் ஐந்து நிமிடம். இதற்காகத்தான் மூன்று வருடம் ஒளிந்திருந்தார்.

“இப்ப?”

“ஆமாங்க.”

“இப்ப?”

“தெரியுதுங்க.”

நான் ஓரத்தில் நாற்காலியில் இருந்தேன். நாலாவது முறை கேட்குமுன் டாக்டரம்மா இழையை மேஜைமேல் வைத்துவிட்டார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அதே குரலில் கேட்டார்.

“இப்ப?”

“ஆமாங்க.”

“இப்ப?”

“நல்லாத் தெரியுதுங்க டாக்டர்.”

எங்கள் ஊர்ப்பக்கம் கேட்கிற மனுசருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. விருந்துக்குக் கூப்பிட்டாலும் ஆமாங்க, வழி கேட்டாலும் ஆமாங்க. அந்த மரியாதையோடு பயமும் சேர்ந்து அவரை அப்படிச் சொல்ல வைத்தது. டாக்டரம்மா கண்ணைத் திறக்கச் சொன்னார். அண்ணன் அவருடைய கைகளைப் பார்த்தார், மேஜையில் கிடந்த இழையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பீடி சுட்டதும் தெரியலை அம்மணி. செருப்பு கழண்டதும் தெரியலை. ரெண்டு வருசமாவே குனிஞ்சு பார்த்துத்தான் நடக்கறேன். தெரியலைன்னு சொன்னா எடுத்துப்போடுவாங்கன்னு…”

“தெரியாத காலைத்தாங்க நாங்க காப்பாத்தணும்” என்றார் டாக்டரம்மா. அதட்டவில்லை. பாதத்தைத் திருப்பிக் குதிகாலில் தடித்திருந்த தோலைச் சீவினார். உள்ளே சீழ். அதற்குள் அரை அங்குல நீளத்தில் தறிக் கம்பித் துண்டு ஒன்று. எத்தனை வாரமாக அதன்மேல் நின்றுகொண்டிருந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. எலும்புவரை போகவில்லை, கால் தப்பித்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் உறுதி சொல்லியிருக்க மாட்டேன் என்றார் டாக்டரம்மா. ஏழு வாரம் குதிகாலை ஊன்றக் கூடாது என்று உத்தரவு. சுட்ட விரல் ஆற அதைவிட அதிக நாள் ஆனது.

சர்க்கரை உள்ளவர்களோடு வால்பாறைக்குக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மலைக்கு முன்பே கால் பரிசோதனையை முடித்துவிடுங்கள், எங்களைப்போல் பின்னால் தள்ளாதீர்கள். மூடிய ஷூவும் முழங்கால்வரை காலுறையும் வேண்டும். போடுமுன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுங்கள். திரும்பி வந்ததும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் கண்ணால் பாருங்கள், அவர்களால் குனிய முடியாவிட்டால் நீங்கள் பாருங்கள். அட்டையை நெருப்பால் தொடாதீர்கள். நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். குளிருக்கு அடுப்பில் கால் காட்டுவதும் வெந்நீரில் காலை வைத்துச் சூடு பார்ப்பதும் கூடாது. முழங்கையை வைத்துப் பாருங்கள். பரிசோதனைக்குத் துணையாகப் போனால் டாக்டரின் கை தெரிகிற இடத்தில் உட்காருங்கள்.

அடுத்த வருடம் மழைக்கு முன்பே அண்ணன் தானே நேரம் வாங்கிக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். அதே இழை, அதே பத்து இடம். நாலு இடத்தில் “தெரியுதுங்க” என்றார். மற்ற ஆறு இடத்திலும் கண்ணை இறுக்கி மூடியபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா எழுதிக்கொண்டு, புதிய புண் எதுவும் இல்லை என்று அனுப்பிவைத்தார்.

படி இறங்கும்போது, “நான் சரியாச் சொன்னனா அம்மணி?” என்று கேட்டார்.

“சரியாச் சொன்னீங்கண்ணா” என்றேன்.