கத்தரிக்கோல் படாத ஆறு அட்டை

போன வெள்ளிக்கிழமை காலையில், நான் வேலை பார்த்த கிராமத்து ஏழுமலையிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "நர்சம்மா, மெடிக்கல் பாய் பூட்டாரு. ஜும்மா தொழுக முடிஞ்சதும் எடுக்கறாங்களாம்" என்றார். உத்திரமேரூர் கடைத்தெருவில் முப்பது வருஷத்துக்கு மேல் மருந்துக்கடை வைத்திருந்த மஜீத் பாயின் சாவை எனக்குச் சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள். பதிமூன்று வருஷமாக அந்தக் கடை வாசலை மிதிக்காத ஏழுமலைதான் சொன்னார். நீங்கள் போகிறீர்களா என்று கேட்டார். போகிறேன் என்றேன். "அப்ப நானும் வரேன். உங்களுக்கோசரம்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

நான் சாலவாக்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் சுகாதார நர்சாக இருந்தவள். இப்போது ஓய்வு பெற்றுச் செங்கல்பட்டில் மகனோடு இருக்கிறேன். பாயின் நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கடைத்தெருக்காரர்கள் கேட்டார்கள். நாலென்ன, நாற்பது எழுதலாம். ஆனால் அவரைப் பற்றி உண்மையாக எழுத வேண்டுமென்றால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அவரை அறிந்த நீங்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பாயின் கத்தரிக்கோலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேசைக்காலில் நூல் கட்டித் தொங்கும். யார் வந்தாலும் எவ்வளவு கேட்டாலும் மாத்திரை அட்டையை முழுசாகக் கொடுக்க மாட்டார். மூன்று நாளைக்கு எத்தனையோ அத்தனையை வெட்டிக் கொடுப்பார். அதிலும் தேதி அச்சடித்த முனையைக் கடைசிவரை விட்டுவைத்து மறு முனையிலிருந்துதான் வெட்டுவார். கடைசி மாத்திரை வாங்குகிறவருக்கும் தேதி தெரிய வேண்டுமாம். மறுபடியும் யார் பஸ் ஏறி வருவது, முழு அட்டையாகக் கொடு என்று சண்டை போடுபவர்களிடம், "நாலாம் நாளும் நோவு இருந்தா டாக்டராண்ட போ நைனா, என்னாண்ட இன்னாத்துக்கு வர்றே" என்பார். இப்படிப் பேசினால் கடை எப்படி ஓடும் என்று நான் கேலி செய்வேன். "ஓடிக்கினுதானே கீது நர்சம்மா" என்று அடுத்த அட்டையை எடுப்பார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் புரட்டாசியில் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. குஜராத்தில் வந்த நோய்க்கு நம் ஊர் ஏன் அப்படி நடுங்கியது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. காஞ்சிபுரம் பட்டுக்குச் சரிகை சூரத்திலிருந்துதான் வருகிறது. கல்யாணக் கூறைப்பட்டு இல்லாத வீடு நம் பக்கத்தில் ஏது? முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் ரயிலேறுவதை டிவியில் பார்த்ததும், பெண்கள் பெட்டியில் இருக்கும் புடவையை வெளியே எடுத்துவிட்டார்கள். மறுநாள் தெருவெல்லாம் கொடி கட்டி, பட்டுப்புடவைகள் வெயிலில் காய்ந்தன. வேப்பிலைப் புகை போட்டார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிய சரிகையில் இந்த வருஷத்து நோய் எப்படி ஏறும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய நானே என் புடவையைக் கொண்டுபோய் வெயிலில் போட்டேன்.

ஏழுமலை ஒரு படி மேலே போனார். மனைவி தனத்தின் கூறைப்பட்டை வெந்நீரில் போட்டு, பினாயிலையும் ஊற்றி வேகவைத்துவிட்டார். புடவை சுருங்கிச் சரிகை கறுத்துவிட்டது. தனம் அந்தப் புடவையையும் புருஷனையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு பாய் கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். இதற்கு என்ன மருந்து போட்டால் பழையபடி நீளும் என்று கேட்டாள். "பொடவைக்கு நோவு வரல தாயீ, உன் வூட்டுக்காரருக்குத்தான் வந்துகீது. பயத்துக்கு என் கடையில மாத்திர இல்ல" என்றார் பாய். தனம் சிரித்த சிரிப்பில் ஏழுமலையும் சிரித்துவிட்டார். அவள் அப்படித்தான், முதலில் சண்டை, கடைசியில் சிரிப்பு.

அடுத்த இரண்டு நாளில் சிரிப்பெல்லாம் போயிற்று. டெட்ராசைக்ளின் சாப்பிட்டால் பிளேக் வராது என்று எவரோ சொல்ல, கடைத்தெருவில் கூட்டம் முட்டியது. சூரத்து மாத்திரை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். உங்களில் பலர் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள்தான், இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றார் பாய். சீட்டோடு வந்தார்கள். வெட்டி வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு ஒருவராக வந்தவர்கள் பிறகு மாமியார், மருமகள், மச்சான் என்று தனித்தனியாக வந்தார்கள். மற்ற கடைகளில் தீர்ந்துபோனது. காஞ்சிபுரத்திலும் இல்லை என்றார்கள். பாய் மட்டும் ஆறு அட்டையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மற்றவர்கள் என்றால் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். இவர், "கீது. நெசமாவே நோவு வந்தவனுக்கு வெச்சிகீறேன். உனுக்கு இல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார். பதுக்கல்காரன் என்று வாசலில் நின்று திட்டினார்கள்.

அந்தக் கூட்டம் கலைந்த மத்தியானத்தில் நான் கடைக்குப் போனேன். என் சுகாதார சப் சென்டருக்கு மருந்து வேண்டும், நோய் வந்தால் கிராமத்தில் முதலில் பார்க்கப் போகிறவள் நான்தான் என்றேன். பாய் ஒரு கேள்வி கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து ஆறு அட்டையையும் எடுத்தார். பழக்கத்தில் கை கத்தரிக்கோலுக்குப் போனது. பிறகு அதை விட்டுவிட்டு, ஆறையும் அப்படியே காகிதப் பையில் போட்டு நீட்டினார். "உங்களாண்ட இருந்தா ஊராண்ட இருக்கற மாதிரி" என்றார். நான் அதைக் கொண்டுபோய் என் வீட்டு அரிசி டிரம்முக்குள் வைத்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர், மாமியார். சப் சென்டர் அலமாரி பக்கம் அது போகவே இல்லை.

பிளேக் வரவில்லை. மூன்று வாரத்தில் ஊருக்கு எல்லாம் அலுத்துவிட்டது. வாங்கிய மாத்திரையைத் தினம் ஒன்றாக முழுங்கித் தீர்த்தவர்கள் பாதி, கோழிக்குப் போட்டவர்கள் பாதி. ஐப்பசி மழை பிடித்து, கிணற்றில் செந்தண்ணீர் இறங்கியபோது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று நான் வீடு வீடாகப் போனேன். கதவைத் திறக்கவே அவர்களுக்குச் சலிப்பாக இருந்தது. ஒரு நோயைச் சொல்லி எங்களை ஆட்டிவைத்தது போதாதா, இப்போது இன்னொன்றா என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் சலித்துவிட்டது. அந்த வாரம் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட வேண்டிய நாளில் மழையைச் சாக்காக வைத்து வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து விடிந்ததும் ஏழுமலை ஓடிவந்தார். தனத்துக்கு வாந்திபேதி. போய்ப் பார்த்தபோதே கண் குழிவிழுந்திருந்தது. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன், அது தங்கவில்லை. அப்போதே வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான், காலராவுக்கும் அதே மருந்துதான் என்று, டெட்ராசைக்ளினுக்கு ஒரு சீட்டு எழுதி, பாயிடம் வாங்கி வாருங்கள் என்று ஏழுமலையைச் சைக்கிளில் அனுப்பினேன். பாயிடம் இருக்காது என்று எனக்குத் தெரியாதா? புதுச் சரக்கு ஏதாவது வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வீட்டு டிரம் நான்கு தெரு தள்ளித்தான் இருந்தது. நோய் இப்போதுதான் நிஜமாக ஊருக்குள் வந்திருக்கிறது, நாளைக்கு என் பிள்ளைகளுக்கு வந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நினைத்தது இதைத்தான்.

ஏழுமலை திரும்பிவர மூன்று மணி நேரம் ஆயிற்று. மழையில் தொப்பலாக நனைந்து வந்து என் முன்னால் நின்றார். "பாயாண்ட இல்லியாம். மொத்தத்தையும் உங்களாண்டதான் குடுத்தாராம். நர்சம்மாவ கேளுன்னாரு" என்றார். சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். "என்னிடம் இல்லை" என்றேன். இரண்டாவது பொய், பாயிடம் சொன்ன முதலாவதைவிட எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று சத்தம் போட்டேன். டிராக்டரில் ஏற்றினார்கள். உத்திரமேரூர் ஏரிக்கரை தாண்டும்போது தனத்தின் தலை என் மடியில் இருந்தது. அங்கேயே முடிந்துவிட்டது. உடம்பில் தண்ணீரே இல்லை, இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். சுமங்கலியாகப் போனவள் என்று கூறைப்பட்டைக் கட்டினார்கள். அது கணுக்கால்வரை எட்டவில்லை.

காரியம் முடிந்த கையோடு ஊர்க்காரர்கள் பாய் கடைக்குப் போனார்கள். நர்சம்மா இல்லை என்கிறார், நீ கொடுத்தேன் என்கிறாய், யார் சொல்வது பொய் என்று கேட்டார்கள். அவர் கையிலிருந்த கத்தரிக்கோலை விட்டாராம். பிறகு, "நான்தான் தப்பா சொல்லிட்டேன். நர்சம்மாக்கு நான் ஒண்ணும் குடுக்கல" என்றாராம். பதுக்கி வைத்ததையெல்லாம் பணக்காரர்களுக்கு விற்றுவிட்டு, மழையில் வந்தவனைப் பொய் சொல்லி அலையவிட்டார் என்று பேச்சு பரவியது. எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு யாரும் போகவில்லை. ஏழுமலை அந்தத் தெரு வழியாக நடப்பதையே விட்டுவிட்டார்.

ஒரு வாரம் கழித்து நான் போனேன். கடையில் யாரும் இல்லை. நிஜத்தை ஊரில் சொல்லிவிடுகிறேன் பாய் என்று அழுதேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவர் குரலில் அன்பு இருந்தது என்று சொல்ல ஆசைதான். அது இல்லை. "என் கடைக்கி வரலன்னா செங்கல்பட்டு போயி வாங்கிக்குவாங்க. உங்களாண்ட வரலன்னா எங்க போவாங்க? கொயந்தைக்கு ஊசி போட யாராண்ட தூக்கினு போவாங்க? போயி வேலைய பாருங்க நர்சம்மா" என்றார். நான் கிளம்பும்போது மாமியாரின் முட்டிவலிக்கு மாத்திரை கேட்டேன். அட்டையை எடுத்து, மூன்று நாளைக்கு எண்ணி, வெட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து கடைசிவரை எனக்கும் வெட்டித்தான் கொடுத்தார்.

வேலையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடக் கிணற்றுக்குப் பவுடர் போடாமல் இருந்ததில்லை. நல்ல நர்சு என்று நீங்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பினீர்கள். கூட்டத்தின் கடைசி வரிசையில் பாய் உட்கார்ந்திருந்தார். எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார். அவர் போய்விட்டால் எனக்கு நிம்மதி வரும் என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. நிஜம் தெரிந்தவர் ஒருவர் குறைந்துவிட்டார், அவ்வளவுதான். இனி அதை நான் ஒருத்தியாகத் தாங்கிக்கொண்டிருப்பது எனக்கு முடியாத காரியமாக இருந்தது.

ஆகவே போன வெள்ளிக்கிழமை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், காத்திருந்த ஏழுமலையை ஓரமாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், ஆறு அட்டை, இரண்டு பொய். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எழுந்து, எனக்காகக் காத்திராமல், பாய் வீட்டுப் பக்கம் நடந்தார். நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். தெருவில் பாயைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொப்பி வைத்த தலைகளுக்கு நடுவே துண்டு கட்டிய ஒரு தலை தோள் கொடுத்துக்கொண்டு போனது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். கையில் மண் அப்படியே இருந்தது. "மூணு பிடி மண்ணு போட்டேன்" என்றார். சாலவாக்கம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. இருவருக்கும் அதுதான் பஸ். ஏழுமலை படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். "நீங்க அடுத்த பஸ்ஸுல வாங்க நர்சம்மா" என்றார். அடுத்த பஸ்ஸுக்கு நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், அந்த ஆறு அட்டைகள்தான். தேதி தாண்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது, இனி எந்த உயிருக்கும் ஆகாது. அலுமினியம் கறுத்துவிட்டது. வீடு மாறும்போதெல்லாம் கூடவே எடுத்துப் போகிறேன். நேற்று இதை எழுத உட்காருமுன் அவற்றை மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். முப்பது வருஷத்தில் பாய் யாருக்கும் முழு அட்டையாகக் கொடுத்ததில்லை. எனக்கு ஒரே ஒரு முறை கொடுத்தார். ஆறிலும் நான்கு ஓரங்களும் அப்படியே இருக்கின்றன.