தனியாக ஒரு மஞ்சள் பை

ஆஸ்பத்திரியின் மஞ்சள் பையை என் நாத்தனார் கட்டும் விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முக்கால் பை நிரம்பியதும் காற்றை அமுக்கி வெளியேற்ற மாட்டாள். கழுத்தை மெல்ல முறுக்கி, மடித்து, ஒரே இழுப்பில் இறுக்குவாள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இருவரும் துப்புரவு வேலை பார்த்தோம். சந்தவாசலிலிருந்து கிளம்பி, மலை பஸ்ஸில் ஏறியதும் நான் செபமாலையை எடுப்பேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

ரத்தத் துணி, புண் துடைத்த பஞ்சு, அறுத்தெடுத்த சதை எல்லாம் மஞ்சள் பைக்கு. ஊசிக்குத் தனியாகக் கெட்டி டப்பா. தடித்த கையுறை போட்டிருந்தாலும் பையை உடம்போடு அணைத்துத் தூக்கக் கூடாது. தவறி ஓர் ஊசி உள்ளே கிடந்தால் நம் தொடையில் ஏறிவிடும். எனக்கு இது பழகவே நாளாயிற்று. பாரம் என்றால் இடுப்புக்குத்தான் போகும் என் கை. "இன்னா அண்ணி, இடுப்புல வெச்சினு போற? அது இன்னா கொழந்தையா?" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஐந்தாம் மாதத்தில், வேலைக்கு நடுவில், என் வயிற்றுப் பிள்ளை அதே ஆஸ்பத்திரியில் உயிரில்லாமல் வந்தது. நர்ஸம்மா துணியால் மூடி எடுத்துப் போனார். எனக்கு அழுகை வரவில்லை. மங்கள வார்த்தை செபத்தைத் தொடங்கினேன், பாதியில் நின்றுவிட்டது. மற்றப் பெண்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அது எந்தப் பைக்குள் போகும், அதன்மேல் என்னென்ன விழும் என்று தெரியும். அன்று காலை அந்தப் பையில் சீழ்ப் பஞ்சைப் போட்டதே நான்தான். கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்க வாய் எழவில்லை. வீட்டுக்காரர் கலசப்பாக்கத்தில் அறுவடைக்குப் போயிருந்தார்.

அப்போது வெளியே சூப்பர்வைசரின் குரல் கேட்டது. "பை ரொம்பறதுக்கு முன்னாடி யாராச்சும் கட்டுவாங்களா? கையளவுகூட இல்ல உள்ள. புதுப் பையை வீணாக்கிட்டியே!"

யார் ஒன்று சொன்னாலும் இரண்டாகத் திருப்பித் தருகிற என் நாத்தனார், "வீணாவலீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்பக்கக் கழிவு அறைக்கு நடந்துகொண்டிருந்தாள். கையுறை இருந்தது, ஏப்ரன் இருந்தது. பையை மட்டும் தள்ளிப் பிடிக்கவில்லை. இடுப்பில் வைத்து, முடிச்சுக்குக் கீழே ஒரு கை கொடுத்து, மெதுவாகப் போனாள்.

இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. அவள் கல்யாணமாகி ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். பிறகு ஆண்டவர் எனக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தார். பூசையில் நன்றி சொல்கிறேன். ஆனாலும் நெஞ்சில் ஓரிடம் மரத்தது மரத்ததுதான்; தொட்டால் தெரிவதில்லை.

போன வாரம் மலைக்காரப் பெண் ஒருத்திக்கு என்னைப் போலவே ஆயிற்று. புதுப் பை ஒன்றை உதறி எடுத்தேன். கையுறையோடு நெற்றியைத் தொடக் கூடாது என்பதால் சிலுவை அடையாளத்தை மனதுக்குள் போட்டுக்கொண்டேன். கழுத்தை முறுக்கி, மடித்து, இறுக்கினேன்.

கழிவு ஏற்ற வந்த வண்டிக்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார். "காலிப் பையை எதுக்கும்மா கட்டி வெச்சிருக்கீங்க?"

"காலி இல்லண்ணா. பாத்து வைங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எல்லாப் பைகளையும் ஏற்றி முடித்துவிட்டு, அதைக் கடைசியாக, மேலே வைத்தார்.