வலது காலுக்குக் கேட்ட மந்திரம்

என் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும். தண்ணீர் லாரிக்காரன் என் குடத்தை ஒதுக்கி வைத்தால் போதும், அம்பத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவேன். கத்திவிட்டு அரைமணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிரஷர் பார்த்த டாக்டரம்மா, “மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதிய நீங்கதான் செய்யணும்” என்றார். மீதியை எப்படிச் செய்வது என்று சீட்டில் எழுதித் தரவில்லை.

வழி சொன்னவள் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு பேரும் அடுத்தடுத்த பவர் பிரஸ்ஸில் உட்கார்ந்து வேலை செய்தோம். தகட்டை வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலேயிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி ஒரே அடியில் பீஸாக்கித் தரும் மெஷின் அது. கூடப் பிறந்தவள் இல்லாத எனக்கு அவள்தான் தங்கச்சி.

“ஞாயித்துக்கெழம தியானக் கிளாஸ் ஒண்ணு நடக்குதுக்கா. மந்திரம், சக்கரம் அல்லாம் சொல்லித் தராங்க. கோவம் கொறையுமாம். சும்மா உக்காந்துகினு வரலாம், வா,” என்று இழுத்துக்கொண்டு போனாள்.

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கிளாஸ். முந்தின நாள் விருந்தின் சாம்பார் வாசனை இன்னும் போகாமல் இருந்தது. சொல்லித் தந்த பெண் ஏதோ ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவள். முதுகுத்தண்டின் அடியிலிருந்து உச்சந்தலை வரை ஏழு சக்கரங்கள் என்றாள். கீழிருந்து ஆறுக்கும் ஆறு சத்தம்: லம், வம், ரம், யம், ஹம், ஓம். ஏழாவதற்கு மௌனம். நாலாவதான யம் நெஞ்சுக்கு உரியதாம். சொல்லச் சொல்ல இரக்கம் சுரக்குமாம். “உட்கார்ந்துதான் செய்யணும்னு இல்லீங்க. பாத்திரம் தேய்க்கும்போதுகூட மனசுக்குள்ள சொல்லிட்டே இருங்க. நாள் முழுக்க நிதானம் இருக்கும்,” என்றாள்.

நான் பாத்திரம் தேய்ப்பது அரைமணி நேரம். மெஷினில் உட்காருவது எட்டு மணி நேரம். அதனால் மந்திரத்தை மெஷினுக்குக் கொண்டு போனேன். யாரும் சொல்லித் தராமல் நானே செய்த கெட்டிக்காரத்தனம் அது.

கணக்கு அவ்வளவு சரியாகப் பொருந்தியது. லம் என்றால் தகட்டை எடுப்பேன். வம் என்றால் டையில் வைப்பேன். ரம், கையை வெளியே இழுப்பேன். யம், பெடலை மிதிப்பேன். ஹம், கம்பியால் பீஸைத் தள்ளி எடுப்பேன். ஓம், டிரேயில் போடுவேன். ஆறு சத்தத்துக்கு ஆறு வேலை. மறுபடி லம். அதுவரை என் காலுக்கு உத்தரவு கொடுத்தது கண்தான். கை வெளியே வந்துவிட்டது என்று கண் பார்த்த பிறகே கால் மிதிக்கும். பிரஸ்ஸில் உட்காரும் எவளும் முதல் நாளே கற்றுக்கொள்வது இது. நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலேயே அந்த உத்தரவைக் கண்ணிடமிருந்து பிடுங்கிச் சத்தத்திடம் கொடுத்துவிட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் சொர்க்கமாக இருந்தது. முதுகுவலி தெரியவில்லை. சூப்பர்வைசர் குரைத்தாலும் காதில் விழவில்லை. லாரிக்காரனைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்தேன். பாவம், அவன் பயந்துபோய் இரண்டு குடம் அதிகமாக ஊற்றினான். தெருவில் “சாமியாரம்மா” என்று கேலி செய்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அப்புறம் ஒருநாள் டீ வந்துவிட்டது என்று பக்கத்து மெஷினிலிருந்து அவள் வந்து என் தோளைத் தட்டினாள். நிமிர்ந்து பார்த்தேன். டிரே நிறைந்து வழிந்திருந்தது. கீழேயும் பீஸ்கள் கிடந்தன. காலையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒரு பீஸைக்கூட நான் அடித்ததாக ஞாபகம் இல்லை. என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன.

“இன்னாக்கா, தூங்கிகினே ஓட்டுற?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே காலின் சேட்டை ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை கிளாஸில் கண்ணை மூடி ஐம்பது பேர் சேர்ந்து யம் என்றபோது, சம்மணம் போட்டிருந்த என் வலது பாதம் தரையை ஓங்கி அழுத்தியது. நான் அழுத்தவில்லை. அடுத்த சுற்றில் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யம் வந்ததும் தொடைக்குள் எதுவோ வெட்டி இழுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கச்சிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “க்கா, இங்க பெடல் இல்ல.”

பிறகு பூந்தமல்லி பஸ்ஸில், யாருடைய போனிலிருந்தோ அதே சக்கர மந்திரம் ஓடியபோது முன் சீட்டுக்காரரின் செருப்பை மிதித்துத் திட்டு வாங்கினேன். பழைய நானாக இருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். வாயே வரவில்லை. வீட்டுக்காரர், “தூக்கத்துல கூட மெஷின் ஓட்டுறியா? கட்டிலே ஆடுது,” என்றார். ஒரு காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, மனசில் எந்தச் சத்தமும் இல்லை, ரேடியோகூட ஓடவில்லை. பாதம் தானாக எழும்பி மிதித்தது. தோசைக்கரண்டியைப் பிடித்தபடி என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு தடவை மிதித்தது. என் உடம்பில் யாரோ ஒருத்தி எனக்குத் தெரியாமல் வேலை பார்க்கிற மாதிரி இருந்தது.

கிளாஸ் எடுக்கும் பெண்ணிடம் சொன்னேன். அவள் கண் விரியக் கேட்டுவிட்டு, “நல்ல அறிகுறிங்க. அடைப்பு திறக்குது. பயப்படாதீங்க,” என்றாள். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. கம்பெனியில் பீஸ் அதிகமாக ஓடுகிறது, வீட்டில் சண்டை இல்லை, பிரஷர் இறங்கியிருக்கிறது. ஒரு கால் ஆடுகிறது என்பதற்காக இதையெல்லாம் விட்டுவிடுவதா? விட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

அன்றைக்கு மத்தியானம் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என் டையில் ஒரு பீஸ் சிக்கிக்கொண்டது. சிவப்பு பட்டனை அழுத்தி மோட்டாரை நிறுத்தினேன். மோட்டார் நின்றாலும் மேலே உள்ள பெரிய வீல் உடனே நிற்காது. கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும். அது சுற்றும்போது பெடலை மிதித்தால் ஒரு அடி அடித்தே தீரும். வீல் நிற்கும்வரை டைக்குள் கை வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியே இருக்கிறது. ஆனால் அதுவரை எவள் காத்திருப்பாள்? பெடலில் யாரும் கால் வைக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் எங்கள் பழக்கம்.

என் கம்பிக்குப் பீஸ் வரவில்லை. “தள்ளுக்கா, என் வெரல்தான் சின்னது,” என்று அவள் வந்தாள். நான் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவளுக்கு இடம்விட்டு ஒருக்களித்துக்கொண்டேன், அவ்வளவுதான். கால் எப்போதும் இருக்கும் இடத்தில் இருந்தது.

நுணுக்கமான வேலை என்றால் அவளுக்கு முணுமுணுக்கிற பழக்கம். அதுவரை ஏதாவது சினிமாப் பாட்டாக இருக்கும். அன்றைக்கு டைக்குள் விரலை நுழைத்துக்கொண்டே கிளாஸ் மெட்டில் ஆரம்பித்தாள். லம். வம். எனக்குப் புரிந்துவிட்டது. காலை எடு, எடு என்று தலை கத்துகிறது. கால் என் பேச்சைக் கேட்கவில்லை. நிறுத்துடீ என்று சொல்ல வாய் திறந்தேன். ஊரையே கூட்டுகிற இந்த வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. ரம்.

தொம் என்று ஒரே ஒரு அடி.

அவள் கத்தவில்லை. மெஷினையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகுதான் ரத்தம் வந்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள், ஆட்டோ வந்தது, கம்பெனித் துண்டால் கையைச் சுற்றினார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

மெக்கானிக் வந்து மெஷினைப் பிரித்துப் பார்த்தார். “கிளட்ச் சாவி தேஞ்சிருக்கு. தானா அடிச்சிருக்கும்,” என்றார். அப்படியும் நடப்பது உண்டுதான். எல்லாரும் மெஷின்மேல் பழியைப் போட்டார்கள். மறுநாள் கண்திருஷ்டி என்று அதன் முன்னால் பூசணிக்காய் உடைத்து, குங்குமம் தடவி, எலுமிச்சம்பழம் கட்டினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் கைகூப்பி நின்றேன். பாவி நான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவளுக்குத் தலைவாரிவிட்டேன். அவள் பிள்ளைகளின் துணியைத் துவைத்தேன். அவள் வீட்டில் யாராவது, “கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா,” என்று சொன்னால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். மந்திரத்தை விட்டேன். கிளாஸை விட்டேன். கோபம் திரும்பி வந்தது. லாரிக்காரன் பழையபடி ஒளிய ஆரம்பித்தான். கால் மட்டும் விடவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வாசலில் வந்து நின்றாள். “வாக்கா, கிளாசுக்குப் போலாம்.” மாட்டேன் என்றேன். “நீ வராம நான் போவல,” என்றாள். அதற்குமேல் எப்படி மறுப்பது?

கூடத்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். எல்லாரும் சின்முத்திரை பிடித்தார்கள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேரும்படி. அவள் இடது கையில் வட்டம் வந்தது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் வளைந்து, இல்லாத விரலைத் தொடுவது போல நின்றது. ஐம்பது பேர் லம் என்று ஆரம்பித்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

கிளாஸ் முடிந்து எல்லாரும் போன பிறகு, மண்டபத்துப் படிக்கட்டில் என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இனிமேல் மறைக்க முடியாது என்று தோன்றியது.

“அன்னைக்கு மெஷின் தானா அடிக்கலடீ. நான்தான் மிதிச்சேன்,” என்றேன்.

“தெரியும்.”

நான் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன்.

“உன் மூஞ்சப் பாத்தேனே. கண்ணு தொறந்துகினு கீது, உள்ள நீ இல்ல. மெதிச்சது நீ இல்லக்கா.”

“அப்புறம் ஏண்டீ யார்கிட்டயும் சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? கிளாசுல உன் கால் ஆடுறதப் பாத்து எத்தினி வாட்டி சிரிச்சிருப்பேன். எந்தச் சத்தத்துக்கு ஆடும்னு எனக்கு நல்லா தெரியும். தெரிஞ்சிகினே அன்னைக்கு வாய்விட்டுச் சொன்னேன். வெளயாட்டுக்குச் சொன்னேனா, மறந்துபோய்ச் சொன்னேனா, அந்த நாலாவதச் சொன்னேனா சொல்லலியா... ஒண்ணுமே ஞாபகம் இல்ல. என் வெரல நானே வெட்டிகினேனோன்னு நெனச்சி நெனச்சி பைத்தியம் புடிக்குதுக்கா.” குனிந்து என் காலைப் பார்த்தாள். “அதத் தெரிஞ்சிக்கத்தான் உன்ன இட்டாந்தேன். காலக் குடு.”

மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் படியில் வைத்தேன். மூன்று விரல் உள்ள அந்தக் கையை என் பாதத்தின்மேல் வைத்தாள். தழும்பு சூடாக இருந்தது.

“லம்,” என்றாள். கால் அசையவில்லை.

“வம்.”

“ரம்.” சொல்லிவிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். நாலாவதைச் சொல்லவே இல்லை. என் பாதம் அவள் கையையும் சேர்த்துக்கொண்டு மேலே எழும்பி, கல்லை மிதித்து அழுத்தியது.

“அப்போ நான் சொன்னதால இல்லக்கா,” என்றாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது. கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கால் இன்னொரு தடவை மிதித்தது. அவள் கையை எடுக்கவில்லை.