பட்டினி கிடக்கத் தெரிந்த தொட்டி

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதி. அங்கே முந்நூறு பேர் கழித்துவிடுவதைப் பதினோரு ஆண்டுகளாகக் கவனித்துக்கொள்கிறவர் அங்கப்பன். கழிவுநீர் ஒரு மூடிய தொட்டிக்குள் அடியிலிருந்து மேலே ஏறும். உள்ளே கறுப்புச் சேறாகக் கிடக்கும் கிருமிகள் அழுக்கைத் தின்று எரிவாயுவை விடும். விடுதிக்கு இட்லி வேகிறது அந்த வாயுவில்தான். அந்தப் பெண்களுக்கு இது தெரியும். ஆனால் அவர்களுடைய புகாரெல்லாம் சாம்பாரைப் பற்றித்தான்.

அந்தக் கிருமிகளுக்குக் காற்று ஆகாது. அங்கப்பனுக்கு வெளியூர் ஆகாது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மகன் அருண்குமார் பைக்கில் போய் லாரியில் அடிபட்டு இறந்தான். நாலாம் நாள் அங்கப்பன் வேலைக்கு வந்து வால்வைத் திறந்தார். அழவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். தேறிவிட்டார் என்றார்கள் மற்றவர்கள். மனைவி மயிலாத்தாள் மட்டும் தாராபுரத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார். ஆண்டுதோறும் மகன் திதிக்கு அமராவதிக் கரைக்கு வரச்சொல்லிப் போன் செய்வார்.

"ஒரு நாள் தீனி இல்லீன்னாத் தொட்டி செத்துப்போயிரும் மயிலு" என்பார் அங்கப்பன்.

மூன்று திதிகளையும் மயிலாத்தாளின் அண்ணன்தான் முடித்தார்.

நான்காவது திதிக்கு முந்தின வாரம், புது இயந்திரம் மாட்டுவதற்காக மில்லுக்கு ஒரு மாதம் விடுமுறை விட்டார்கள். விடுதி காலி, கழிவுநீர் இல்லை. அங்கப்பன் நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து வாளி வாளியாகத் தொட்டியில் ஊற்றத் தொடங்கினார். மூன்றாம் நாள், தொட்டியைப் பராமரிக்கும் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் லோகப்பிரியா வந்தார்.

"ஏனுங்கண்ணா, பூச்சிக்குப் பாயசமா?"

"பட்டினி போடலாமுங்களா அம்மணி?"

"தாராளமாப் போடலாமுங்க. மூணு மாசம் சும்மா கெடக்கும். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா விட்டா எந்திரிச்சுக்கும். நீங்க சர்க்கரையக் கொட்டுனாத்தான் உள்ளுக்குள்ள புளிச்சுக் கெட்டுப்போகும்."

அளவுகளைக் குறிக்க அங்கப்பனின் நோட்டை வாங்கிப் பிரித்தார் லோகப்பிரியா. முதல் பக்கத்தில், பதினோரு ஆண்டுகளுக்கு முன் பயிற்சியில் எழுதிய குறிப்பு: 'தீனி இல்லாவிட்டாலும் மூன்று மாதம் சாகாது.' அடியில் இரண்டு கோடு.

"அண்ணா, இது உங்க கையெழுத்துதானுங்களே?"

அங்கப்பன் பார்த்தார். "ஆமாங்க. அப்பக் கையெழுத்து நல்லாத்தான் இருந்திருக்குது" என்றார்.

வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். போகாமலிருக்க வேறு காரணம் எதுவும் கைவசம் இல்லாததால், திதியன்று விடிகாலையில் தாராபுரம் பஸ் ஏறினார்.

ஆற்றங்கரையில் அவரைக் கண்டு மயிலாத்தாள் ஆச்சரியப்படவில்லை. "தொட்டி?" என்று மட்டும் கேட்டார்.

"அது தாங்கும். மூணு மாசத்துக்குத் தீனி வேண்டாம்."

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

பொய்க்கு இடம் இருந்தது. "வேலைக்குச் சேந்தப்பவே" என்றார் அங்கப்பன்.

மயிலாத்தாள் சோற்று உருண்டை வைத்த இலையை அவர் கையில் கொடுத்தார். அங்கப்பன் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை விட்டார். கண் கலங்கவில்லை. மீன்கள் வந்தன. கடைசிப் பருக்கை போகும்வரை நின்றுவிட்டுக் கரையேறினார்.

"சாயங்கால பஸ்ஸுங்களா?"

"மில்லுத் தொறக்க இன்னும் இருபத்திமூணு நாள் கெடக்குது" என்றார் அங்கப்பன்.

மயிலாத்தாள் பாத்திரப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னே நடந்தார்.