துடிக்கிறது என்று சொன்னவள்

உங்கள் வீட்டுப் பையன் கொத்து வேலைக்குப் போன முதல் மாதமே, மாடி எழுப்பும் வேலையை அவன் கையில் ஒப்படைப்பீர்களா? கார் ஓட்டப் பழகும் மகளிடம் குடும்பத்தையே ஏற்றிவிட்டு மலைப்பாதையில் போகச் சொல்வீர்களா? மாட்டீர்கள். செங்கல் மீதும் வண்டி மீதும் இருக்கும் அந்த எச்சரிக்கை உயிர் என்று வரும்போது எங்கே போய்விடுகிறது?

ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறேன். அவளுடைய அப்பா ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவெடுத்து, கண்ணாடியை அறுத்து, கடை வண்டியிலேயே கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வருவார். பெரிய கண்ணாடிகளை இடது தோளில் சாய்த்துத்தான் தூக்குவார். மகளும் கண்ணாடி மாதிரிதான் என்று கடையில் கேலி பேசுவார்கள். யார் என்ன சொன்னாலும் முகத்தில் அப்படியே தெரிந்துவிடும்.

பள்ளி முடித்த கையோடு அவள் கல்லூரியில் சேர்ந்தாள். பையும் இரட்டைப் பின்னலும்கூடப் பள்ளிக்கூடத்தில் இருந்தபடியேதான் இருந்தன. அவள் சேர்ந்தது நர்சிங்கில் அல்ல, நர்சிங்கிற்கு முந்தைய ஓராண்டு வகுப்பில். வேதியியல், உயிரியல், உடற்கூறு, கொஞ்சம் கணக்கு. அதில் நல்ல மதிப்பெண் எடுத்து, வருகையும் குறையாமல் இருந்தால்தான் நர்சிங்கில் இடம். அதுவரை வார்டு வாசலைக்கூட மிதிக்க முடியாது. ஊசி எப்படிப் பிடிப்பது என்பதைக்கூடச் சொல்லித்தர மாட்டார்கள்.

அந்த வகுப்பில் அவள் சந்தோஷமாக இருந்தாள். ஆய்வகத்தின் மூலையில் கம்பியில் தொங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்கு மாணவிகள் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். "பாவம்டி, பொண்ணு பார்த்துப் பார்த்தே இளைச்சுட்டார்" என்பாள் பக்கத்து இருக்கைக்காரி. வகுப்பில் இந்தத் தோழிக்கு வாயாடி என்று பெயர். மாப்பிள்ளையின் விலா எலும்புகளைத் தொட்டுத் தொட்டு இருவரும் பெயர் ஒப்பிப்பார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. சேர்ந்த வாரமே உறவுக்காரர்கள் அவளை நர்ஸம்மா ஆக்கிவிட்டார்கள். அத்தை வந்து முழங்காலை நீட்டினார்.

"அத்தை, நான் இன்னும் எலும்போட பேரைத்தான் படிக்கிறேன்."

"நான் மட்டும் என்ன சொல்றேன்? இதுவும் எலும்புதானே!"

அப்பா ஒருநாள் ஸ்டெதஸ்கோப் வாங்கி வந்தார். கண்ணாடிக்குச் சுற்றும் பஞ்சுத்தாளில் பத்திரமாகச் சுற்றியிருந்தார்.

"இப்ப இது வேண்டாம்பா. நர்சிங்ல சேர்ந்தப்புறம் அவங்களே சொல்வாங்க."

"அவங்க சொல்றப்ப அவங்களுக்காக இன்னொண்ணு வாங்கிக்க. இது எனக்காக."

முதல் நோயாளியாக அவரே சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கேக்குதா பாப்பா?"

"கேக்குதுப்பா."

"என்ன சொல்லுது?"

"லப்-டப், லப்-டப்."

"அவ்வளவுதானா? என் மகள் கெட்டிக்காரின்னு சொல்லலியா?"

அவளுக்குக் கேட்கத் தெரியும். கேட்டதற்கு என்ன பொருள் என்று தெரியாது. அதை அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். அடக்கமான பெண் என்று பாராட்டிவிட்டு மறுபடியும் நாடி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா சாப்பிட வந்திருந்தார். அந்த வீட்டில் எதற்கும் அவர் சொல்தான் கடைசிச் சொல். அப்பா முந்தின நாள்தான் ஒரு முடிதிருத்தும் கடையில் சுவர் அகலக் கண்ணாடி பொருத்திவிட்டுக் கடை வண்டியோடு வீட்டுக்கு வந்திருந்தார். காலையிலிருந்து இடது கை வலிக்கிறது என்றார். சாப்பிட்ட பிறகு நாற்காலியில் சாய்ந்தவர் தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மின்விசிறி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்க, சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது.

"பல்வலியா?" என்றாள் அம்மா.

மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"கண்ணாடி தூக்கின கை வலிக்காம இனிக்குமா?" என்று பெரியப்பா சிரித்தார். "வீட்டுலயே நர்ஸம்மா இருக்கறப்ப ஆஸ்பத்திரி எதுக்கு? அந்தக் குழாயை எடுத்து வச்சுப் பாரு."

அவள் வைத்துப் பார்த்தாள்.

"துடிக்குதா, இல்லையா?"

"துடிக்குது பெரியப்பா, ஆனா..."

"அவ்வளவுதான்! துடிக்குதுன்னு அவளே சொல்லிட்டா."

"துடிச்சா மட்டும் போதாது. கை வலி, வேர்வை, தாடை வலி எல்லாம் சேர்ந்து வந்தா உடனே கூட்டிட்டுப் போகணும்னு எங்க மேடம் சொல்லியிருக்காங்க. கடை வண்டி கீழதானே நிக்குது? நீங்க ஓட்டுங்க."

"நாலு பாடம் படிச்சுட்டு வீட்டையே கலங்கடிக்காதே. சின்னப் பொண்ணு, சின்னப் பொண்ணா இரு."

கவனித்தீர்களா? குழாயை வைக்கச் சொல்லும்போது நர்ஸம்மா. ஆஸ்பத்திரி என்று வாய் திறந்ததும் சின்னப் பொண்ணு. அவள் வாயிலிருந்து அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்தான். அது கிடைத்துவிட்டது.

அவள் விடவில்லை. கதவோரம் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துவந்து பெரியப்பாவிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள்.

அப்பா முடித்து வைத்தார். "விடு பாப்பா. நீயே கேட்டுட்டே, அதுக்கு மேல எனக்கு எந்த டாக்டர்? கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாயிடும்."

பெருமையோடுதான் சொன்னார். போய்ப் படுத்தார். சாயங்காலம் அம்மா எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் வேளை வந்துவிட்டது என்றார்கள். பொய். வேளை வரவில்லை; வேளை இருந்தது. வண்டி இருந்தது, ஓட்டத் தெரிந்தவர் இருந்தார், ஆஸ்பத்திரி அடுத்த தெருவில் இருந்தது. போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் போகாமல் இருந்ததற்கு விதியைச் சாட்சிக்கு இழுப்பதைப் போன்ற கோழைத்தனம் வேறு இல்லை. எத்தனை வருடம் படித்த டாக்டரும் நெஞ்சில் குழாயை மட்டும் வைத்துக்கொண்டு மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு இ.சி.ஜி. எடுக்க வேண்டும், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் பெரியப்பா சொன்னது இது: "பொண்ணுதான் வச்சுப் பார்த்தா. நல்லா இருக்குன்னு சொன்னா. படிச்ச பிள்ளை சொல்றப்ப நாம என்ன பண்றது?"

'துடிக்குது' என்பது 'நல்லா இருக்கு' என்று மாறியது. 'ஆனா' என்பது காணாமலே போனது. சட்டைப் பைக்குள் போன சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பனையே காப்பாத்தத் தெரியாதவள் ஊரானைக் காப்பாத்தப் போறாளா என்று அத்தை மூக்கைச் சிந்தினார்.

அவள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள்.

வாயாடி தேடி வந்தாள். "மாப்பிள்ளை உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கார்டி" என்றாள். அவள் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே கோணி, தோழியின் மடியில் விழுந்து அழுதாள்.

"நீ சரியாத்தான்டி சொன்னே. அவங்கதான் கேக்கலே."

"நான் முதல்லயே குழாயைத் தொட மாட்டேன்னு சொல்லியிருக்கணும்."

"சொன்னா விட்டிருப்பாங்களா?"

வருகை குறைந்துகொண்டே போய், தேர்வு எழுத அனுமதி இல்லை என்று ஆகிவிட்டது.

இப்போது அவள் அதே கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்களிடம் அளவு கேட்கிறாள், பஞ்சுத்தாள் சுற்றுகிறாள். ஸ்டெதஸ்கோப் பரண் மேல் இருக்கிறது. அம்மா எடுத்து வைத்தது. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு உனக்கு என்னதான் கேட்டுது?"

"துடிச்சுதும்மா."

"நல்லாத் துடிச்சுதா?"

"எனக்குத் தெரியாதும்மா."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அன்னிக்கு நானாவது எழுந்திருச்சிருக்கணும்" என்றாள் அம்மா. அந்த வீட்டில் யாராவது ஒருவர் அதைச் சொல்ல இவ்வளவு நாளாயிற்று.

புது வகுப்புக்கு மறுபடியும் ஆள் எடுக்கப்போகிறார்கள். வாயாடி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். போவாளா என்று தெரியவில்லை. நர்ஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே அவள் கை நின்றுவிடுகிறது.

உங்கள் குடும்பத்திலும் இந்த ஆண்டு ஒரு பெண் இந்த வகுப்பில் சேரலாம். அவளை நர்ஸம்மா என்று கூப்பிடாதீர்கள். கையை நீட்டாதீர்கள், அவளைப் படிக்க விடுங்கள். அவள் என்றைக்காவது முகம் வெளுத்து நின்று, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னால், அவள் வயதைக் கேட்காதீர்கள், எத்தனை பாடம் படித்தாள் என்று கேட்காதீர்கள். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.