காடிஸ் தெருவில் ஒரு வேட்டி

வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே குமுதினி பொய் சொல்வார். "தம்பி, நீங்கள் கொழுக்கேல்லை. லண்டன் குளிருக்கு உந்தத் துணி சுருங்கும்" என்றபடி காற்சட்டையின் இடுப்பைப் பிரிப்பார். முகத்தில் ஒரு கோடு அசையாது. வந்தவர் நம்பி, நிம்மதியாகப் போவார். கிங்ஸ்பரியில் உடுப்புத் திருத்தும் அந்தக் கடைக்கு ஆட்கள் தையலுக்காக வருகிறார்களா, இந்த ஆறுதலுக்காக வருகிறார்களா என்று சொல்வது கஷ்டம்.

யாராவது கண்டுபிடித்துக் கேட்டால், "பொய்யில்லை, கொஞ்சம் நீட்டித் தைச்சனான்" என்பார்.

கண்டுபிடிக்கிறவர் அநேகமாகக் கணவர் கணேசலிங்கம். கவுன்சிலில் கடிதங்களைச் சரிபார்த்தே ஓய்வுபெற்றவர். அறிவித்தல் பலகையில் ஒற்றுப்பிழை கண்டால் பேனாவை எடுத்துவிடுவார்.

இந்த இருவரும் மாசியில் ஸ்பெயினிலுள்ள காடிஸுக்குப் போனார்கள். மிகப் பழைய துறைமுகம் என்று படித்து, கோட்டை, கோபுரம், தேவாலயம் என்று கணேசலிங்கம் நேர அட்டவணை போட்டிருந்தார். குமுதினி முதல் நாளே மீன் சந்தையில் நின்றுவிட்டார். கணவாய் விற்ற பெண்ணோடு விரலாலும் புருவத்தாலும் அரை மணித்தியாலம் கதைத்தார். பின்னேரம் கடதாசிச் சுருளில் பொரித்த மீன்.

அது கார்னிவல் வாரம். சந்துக்குச் சந்து, முகத்தில் சாயம் பூசியவர்கள் படிக்கட்டுகளில் நின்று ஊர்ப் பெரியவர்களைக் கிண்டலடித்துப் பாடினார்கள். ஒரு சொல்லும் தெரியாத குமுதினி, சிரிக்கவேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார்.

"உமக்கு என்ன விளங்கினது?" என்றார் கணேசலிங்கம்.

"ஆரையோ நக்கலடிக்கினம். அதுக்குப் பாஷை வேணுமே?"

ஞாயிற்றுக்கிழமை சிவராத்திரி. கணேசலிங்கம் விரதம். நெற்றி நிறையத் திருநீறு, வேட்டி, அதற்குள் கம்பளிக் காற்சட்டை, மேலே கறுப்பு ஓவர்கோட், காதை மூடிய குல்லா. கடலோரம் நின்று தேவாரம் சொல்லப் புறப்பட்டவர், ஊரே வேடம் போட்டு நின்ற தெருவுக்குள் மாட்டிக்கொண்டார். தெருமுனையில் மாறுவேடப் போட்டி நடத்திக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, அவர் கையைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டாள். இது என்ன வேடம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் வாயைத் திறக்க முந்தியே குமுதினி சொன்னார்: இவர் கிழக்குக் கடற்கொள்ளைக்காரர், நெற்றியில் இருப்பது இவர் எரித்த கப்பல்களின் சாம்பல்.

"பொய்! இஞ்சேரும், திருநீறெண்டு சொல்லும்!" என்று கணேசலிங்கம் கையை ஓங்கிக் கத்தினார். கொள்ளைக்காரன் அருமையாக நடிக்கிறான் என்று சனம் ஆரவாரித்தது. மூன்றாம் பரிசு கிடைத்தது. உப்பிட்டு உலர்த்திய ஒரு முழுப் பன்றித் தொடை.

விரதக்காரர் அதைக் கைக்குழந்தைபோல ஏந்தியபடி நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் குமுதினி கண்டார். முப்பத்துநாலு வருடத்தில் எத்தனையோ பொய். சாமி விஷயத்தில் மட்டும் கைவைத்ததில்லை. தொடையை வாங்கிப் பாட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, கடற்கரைவரை அவருக்குப் பின்னால் நடந்தார்.

"பிழைதான். என்ரை பிழைதான்" என்றார்.

கணேசலிங்கம் தேவாரத்தைப் பாடி முடித்தார். கடலிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத்தினை கப்பல்?" என்று கேட்டார்.

"என்ன?"

"நான் எரிச்சது."

குமுதினி யோசித்தார். "ஒரு ஏழு, எட்டு."

"காணாது, இன்னும் கூட்டும்" என்றார் அவர்.

திரும்பி வந்த வெள்ளிக்கிழமை, விம்பிள்டன் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது தெரிந்தவர்கள் சூழ்ந்துகொண்டு, பயணம் எப்படி என்று கேட்டார்கள்.

"ஆயிரம் பேருக்குள்ளை எனக்கு முதல் பரிசு" என்றார் கணேசலிங்கம். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

குமுதினி அவர் தோளிலிருந்து நழுவிய சால்வையை இழுத்து, அரசனுக்குச் செய்வதுபோல, இரண்டு பக்கமும் சமமாக விரித்துவிட்டார்.