மூன்று பதிவேடுகளில் ஒரு பெண்

அந்த அம்மாள் எங்கள் தெருவுக்குள் முதன்முதலாக வந்த காலையில், நாலைந்து பெண்கள் வரிசையாக நின்று அவர் முன்னால் உள்ளங்கையை விரித்து நீட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பட்டணத்திலிருந்து சமூக சாஸ்திரம் படித்த ஒருவர் வந்திருக்கிறார் என்று முந்தின நாளே செய்தி பரவியிருந்தது. சாஸ்திரம் என்ற சொல் மட்டும் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. ரேகை பார்ப்பவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. முதலில் நின்றவளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, விரலில் இருந்த காய்ப்பைத் தடவி, இது எதனால் வந்தது என்று கேட்டார். ஏழு வயதிலிருந்து நூல் சுற்றுகிற கை என்று அவள் சொன்னாள். அப்படியானால் பள்ளிக்கூடம் எப்போது போனாய் என்று அடுத்த கேள்வி. எங்கள் ஊரில் அவருடைய ஆராய்ச்சி அப்படித்தான் ஆரம்பமாயிற்று.

யுத்த காலம் அது. சென்னையில் குண்டு விழும் என்ற பயத்தில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் உள்நாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மாளின் குடும்பமும் அப்படி வந்து மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் குடியேறியது. முப்பது வயதைத் தாண்டாதவர். பம்பாயில் படித்தவர். சென்னையில் ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகளைப் பற்றி எழுத நினைத்திருந்தாராம். சென்னையே காலியாகிவிட்டதால், வந்த இடத்தில் இங்குள்ள பிள்ளைகளைப் பற்றி எழுதுவது என்று தீர்மானித்தார். ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம். எங்கள் ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இடத்தில் அவருக்கு இரண்டும் தெரிந்த துணை ஒன்று தேவைப்பட்டது. நான் பயிற்சி முடித்து ஆரம்பப் பள்ளியில் சேர்ந்து நாலாவது வருஷம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். பெரிய வாத்தியார் என்னைக் கைகாட்டிவிட்டார். அன்று சாயங்காலம் என் தகப்பனாரிடம் சொன்னபோது, "மனுசங்க எப்படிப் பொழைக்கிறாங்கன்னு கேட்டு எழுதறதுக்குக்கூட ஒரு படிப்பு கீதா?" என்று வெகுநேரம் ஆச்சரியப்பட்டார்.

அவரிடம் அச்சடித்த படிவங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. சொந்த ஊர், தாய்மொழி, தொழில், படிக்கிற பிள்ளைகள், படிப்பை விட்ட பிள்ளைகள், விட்ட காரணம் என்று வரிசையாகக் கட்டங்கள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, குடையை இடுக்கிக்கொண்டு, வேகமாக நடப்பார். வேர்க்கடலையை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு வழியெல்லாம் கொறிப்பார். கேள்வி கேட்கும்போது மட்டும் பரீட்சை நடத்துகிறவர் மாதிரி ஆகிவிடுவார். பதில் வரத் தாமதமானால் பென்சிலால் படிவத்தைத் தட்டுவார். அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளியிடம் தாய்மொழி எது என்று அப்படித் தட்டித் தட்டிக் கேட்டபோது, "வூட்ல தெலுங்குங்க, தறிகிட்ட தமிழு. சாமிகிட்ட எது வாய்ல வருதோ அது" என்றார் அவர். கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம். எதையாவது எழுதியாக வேண்டும் என்று தமிழ் என்று எழுதினோம். ரேஷனுக்காகத்தான் ஆள் எண்ண வந்திருக்கிறோம் என்று நினைத்துச் சில வீடுகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். ஒரு தெருவில் ஒரே குழந்தையை இரண்டு வீட்டில் பார்த்தோம். மூன்றாவது வீட்டிலும் அது எங்களைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தபோதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

மாலையில் படிவங்களைச் சரிபார்க்கும்போது 'விட்ட காரணம்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே சொற்றொடரைத்தான் எழுதுவார்: பெற்றோரின் அக்கறையின்மை. அதில் எனக்கு ஒரு மறுப்பும் இருக்கவில்லை. கூலி வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று நாங்கள் ஆசிரியர் அறையில் சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். என்னுடைய ஆஜர்ப் பட்டியலை அவர் கேட்டபோது பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லாத பட்டியல். தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயரை நேர்கோட்டில் சிவப்பு மையால் நீக்கியிருப்பேன். அந்தச் சிவப்புக் கோடுகளைத்தான் ஒன்றுவிடாமல் அவர் தம் படிவங்களில் நகலெடுத்துக்கொண்டார்.

ஒருநாள் பள்ளிப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். அங்கே தெலுங்கில்தான் பாடம். முதல் வகுப்பில் பொடிப்பிள்ளைகளுக்கு நடுவே பத்து வயதிருக்கும் ஒரு பெண், முழங்காலை மடக்க இடமில்லாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். பெயர் முனெம்மா என்றாள். மந்தமான பெண் என்று அந்த ஆசிரியர் தணிந்த குரலில் சொன்னார். அம்மாளும் அப்படியே குறித்துக்கொண்டார். அவளை முன்பு எங்கோ பார்த்ததுபோல எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த வயதில் பிள்ளைகள் ஒரு வருஷத்துக்குள் ஆளே மாறிப்போவார்கள். நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, எங்கள் பள்ளியின் முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை எழுதுவதற்காக அம்மாள் வந்தார். கடைசி வரிசையில் ஒரு நெடிய பெண் எழுந்து நின்றாள். பெயர் கேட்டதற்கு வள்ளி என்றாள். அவர் எழுத ஆரம்பித்ததும் அவள் எட்டிப் பார்த்து, "அம்மா, என்னியத்தான் பள்ளிப்பட்டுலயே எழுதிக்கினீங்களே. இன்னொரு வாட்டி எதுக்குங்க?" என்றாள்.

பென்சில் நின்றது. "பள்ளிப்பட்டிலா? அங்கே உன் பேர் வேறே இல்லையா?"

"ஆங். அங்க முனெம்மா. அம்மையார்குப்பத்துல முனியம்மா. இங்க வள்ளி" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பி, "டீச்சரு வெச்ச பேருங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் என் வகுப்பில்தான் சேர்ந்தாள். ஏற்கெனவே இரண்டு முனியம்மாக்கள் இருந்தார்கள். மூன்றாவதாக ஒருத்தி வந்தால் ஆஜர் எடுக்கக் குழப்பம் என்று நான்தான் வள்ளியம்மாள் என்று எழுதினேன். முருகன் வள்ளியை மணந்த மலை இருக்கிற இந்த ஊரில் ஒரு பெண் குழந்தைக்கு அதைவிட நல்ல பெயர் எதற்கு என்றுகூட நினைத்திருப்பேன். அம்மாள் பழைய பட்டியலைப் புரட்டினார். வள்ளியம்மாள் என்பதன் மேல் என் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. பக்கத்தில் என் கையெழுத்தில், 'தொடர்ந்து வராததால் நீக்கப்பட்டது'. பிறகு தம் படிவக் கட்டை அவிழ்த்துத் தேடி மூன்று தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். பள்ளிப்பட்டு முனெம்மாவும் நின்றுவிட்டாள் என்று நடுவில் அவருக்குத் தகவல் வந்திருந்தது. படிப்பை விட்ட மூன்று பெண்கள் அவர் கணக்கில் இருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து, ஒருபோதும் படிப்பை விடாத ஒரே பெண். அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் மதியம் அவளுடைய தாயைப் பார்க்கப் போனோம். ஊருக்கு வெளியே ஒரு நிலத்தில் புதுக்கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் பள்ளத்தில் இருந்தான். தாய் மேலே மண்கூடை சுமந்துகொண்டிருந்தாள். கூடையைக் கொட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் எதிரில் குந்தினாள். சொந்த ஊர் எது என்ற கேள்விக்கு அவள் சற்று யோசித்தாள்.

"ஊருங்களா? கெணத்துல தண்ணி வர்ற வரிக்கும் அதான் எங்க ஊரு. தண்ணி வந்துட்டா கெளம்பிட வேண்டிதான். மழைக்காலத்துல கெணறு வெட்ட முடியாது, அப்போ அம்மையார்குப்பத்துல நூல் சுத்தப் போவோம்."

"இப்படி அலைந்தால் பெண்ணின் படிப்பு கெட்டுப்போகுமே என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?" என்று அம்மாள் கேட்டார். நான் அதைத் தெலுங்கில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே தமிழில் பதில் சொல்லிவிட்டாள்.

"எந்த ஊருக்குப் போனாலும், கொட்டாய் போடறதுக்கு முன்ன பள்ளிக்கூடம் எங்க கீதுன்னுதாங்க கேப்பேன். கேட்டுப் பாருங்க. நான் கொண்டாந்து உட்டுக்கினுதான் கீறேன். அவுங்கதான் ஒவ்வொரு வாட்டியும் ஒண்ணாங்கிளாஸ்ல குந்த வெக்கிறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?" பிறகு, பதிலுக்குக் கேட்பதுதானே மரியாதை என்கிற மாதிரி, "நீங்க எந்த ஊருங்க?" என்றாள்.

அம்மாள் சாதாரணமாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். பிறந்தது நாகபுரி. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மாற்றலாகிக் குண்டக்கல். அப்புறம் திருச்சி, அப்புறம் சென்னை.

"அம்மாடி! எங்களாட்டமே சுத்திக்கினுதான் கீறீங்க" என்று அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். "ஒவ்வொரு ஊர்லயும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தா படிச்சீங்க?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அம்மாள் படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். திரும்பி வரும் வழியில் மடியில் இருந்த கடலையை அவர் தொடவேயில்லை. பாதி தூரம் வந்த பிறகு சொன்னார்: "எனக்கு முன்னால் காகிதம் போய்ச் சேர்ந்துவிடும். புது ஊரில் நான் ரயிலைவிட்டு இறங்கும்போதே வகுப்பில் எனக்கு ஓர் இடம் இருக்கும். எங்களுக்கு அது மாற்றல். இவர்களுக்கு மட்டும், விட்டுவிட்டார்கள் என்று எழுதுகிறோம்."

பெரிய வாத்தியார் கெட்டவர் இல்லை, இன்ஸ்பெக்டருக்குப் பயந்தவர். முந்தைய பள்ளியின் ரிக்கார்டு ஷீட் என்ற சான்றுத்தாள் இல்லாமல் வந்தால் முதல் வகுப்பில்தான் சேர்க்க முடியும் என்றார். "நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். காகிதம் கொண்டுவந்தால் சேர்ப்பீர்களா என்று அம்மாள் கேட்க, காகிதம் இருந்தால் தமக்கு என்ன கஷ்டம் என்றார். அடுத்த இரண்டு விடுமுறை நாட்களும் நாங்கள் கரி பஸ்ஸில் அலைந்தோம். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடப்போம். பள்ளிப்பட்டு ஆசிரியர் விஷயத்தைக் கேட்டதும், மந்தம் என்று தாம் சொன்னதற்கு வெட்கப்பட்டு, தெலுங்கில் அழகாக நகலெடுத்துக் கொடுத்தார். அம்மையார்குப்பத்துப் பதிவேட்டில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. நல்லவேளை, அவள் பெயர் மிச்சப் பாதியில் இருந்தது. மூன்றாவது நகலை நான் எழுதினேன். வள்ளியம்மாள் வந்த நாட்களை ஒவ்வொன்றாக எண்ணியபோது, எங்கள் ஊரில் அவள் இருந்த மாதங்களில் ஒரு நாளும் தவறாமல் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அந்தப் பட்டியலை அத்தனை அழகாக எழுதிய நான் அதை அதுவரை படித்ததில்லை.

பெரிய வாத்தியார் மூன்று தாள்களையும் பார்த்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தார். தடுக்கித் தடுக்கிப் படித்தாள். தெலுங்குப் புத்தகத்தைக் கொடுத்தார், அதையும் படித்தாள். வகுத்தல் கணக்கில் ஓர் இடத்தில் தப்புப் பண்ணினாள். "நாலாவதுல ஒக்காரட்டும். கணக்கு மட்டும் இன்னும் தேறணும்" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தவர், எந்தப் பெயரை எழுதுவது என்று கேட்டார். அவளைக் கேளுங்கள் என்றார் அம்மாள். அந்தப் பெண் என்னைத்தான் பார்த்தாள். "டீச்சர் கோச்சிக்க மாட்டீங்களே?" என்று கேட்டுவிட்டு, "முனியம்மாவே போதுங்க. எங்கம்மா கூப்புடறது அதான்" என்றாள். அந்த வருஷம் நாலாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. அதிலும் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்ததால், என் வகுப்பில் இனி மூன்று முனியம்மாக்கள். அதனால் ஒரு குழப்பமும் வரவில்லை. பெயரைக் கூப்பிட்டால் மூன்று பேரும் உள்ளேன் என்பார்கள். ஒருத்தி வராவிட்டால் மற்ற இருவரும் சொல்லிவிடுவார்கள்.

அம்மாள் தம் படிவங்களையெல்லாம் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். எத்தனையோ மாத வேலை. தம் கணக்கெல்லாம் தப்பு என்று அதைக் கொண்டாட்டம் போலச் சொல்லிக்கொண்டு, பென்சிலில் எழுதியிருந்த கடைசிக் கட்டத்தை ரப்பரால் அழித்தார். அந்த இடத்தில், 'இதற்கு முன் எங்கே படித்தாள்? அடுத்து எங்கே போகிறாள்?' என்று எழுதச் சொன்னார். நான் எழுதினேன். குண்டு பயம் தணிந்ததும் அவர் குடும்பம் சென்னைக்குத் திரும்பிவிட்டது. சில வருஷங்கள் கழித்து அவர் ஆராய்ச்சி அச்சாகி ஒரு பிரதி எனக்கு வந்தது. மூன்று பெயர் கொண்ட பெண்ணைப் பற்றி அதில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. சிவப்பு மைக்கோடு போட்ட ஆசிரியையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். பதில் கடிதத்தில், அடுத்த பதிப்பில் அதையும் சேர்த்துவிடுங்கள் என்று எழுதினேன்.

இப்போது எனக்கு எண்பது கடந்துவிட்டது. மின்சார ரயில் வந்துவிட்டது. காலையில் புறப்பட்டுச் சென்னையில் வேலை பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள் என் பேரப்பிள்ளைகள். தெருமுனையில் கட்டடம் எழுப்ப வந்திருக்கும் வெளிமாநிலத்துக் குடும்பங்களின் குழந்தைகள் எனக்குப் புரியாத பாஷையில் சண்டை போட்டுக்கொள்கின்றன. அவர்களைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா என்று அங்கே போய்க் கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று மேஸ்திரி நினைத்திருப்பார். ஆனால் போன மாதம் அவரே இரண்டு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனதைப் பார்த்தேன்.

முனியம்மா நாலாம் வகுப்பில் சேர்ந்த அந்தப் படிப்பு வருஷம் முடியும் தறுவாயில், அவர்கள் வெட்டிக்கொண்டிருந்த கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு காலை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, சட்டிபானை ஏற்றிய வண்டி ஒன்று பள்ளி வாசலில் வந்து நின்றது. தாய் இறங்கி நேராக உள்ளே வந்தாள். அதுவரை சொல்லாமல் போய்க்கொண்டிருந்தவள், அன்று என் மேஜைக்கு எதிரில் நின்று, "நாங்க போறோங்க. காயிதம் குடுங்க" என்றாள். பெரிய வாத்தியார் ரிக்கார்டு ஷீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர, அவள் அதை வாங்கி மடிக்காமல் மகளிடம் நீட்டினாள். "சரியா எழுதிக்கீறாங்களா பாரு." முனியம்மா எழுந்து நின்று, அவசரப்படாமல் உரக்கப் படித்தாள். பெயர், தகப்பன் பெயர், வந்த நாட்கள். கடைசியில், "நாலாம் வகுப்பில் தேறினாள். ஐந்தாம் வகுப்பில் சேர்க்கத் தக்கவள்."

"ஐந்தா?" என்று தாய் கேட்டாள்.

"ஆங், அஞ்சு" என்றாள் மகள்.

"அப்போ கெளம்பலாம்" என்று சொல்லி, அந்தத் தாளை வாங்கிச் சேலைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு அவள் வண்டியில் ஏறினாள்.